ஐந்தாவது ஆள்: திருப்பதிக் கல்வெட்டுகளில் ஒரு பொருளாதாரப் பாடம்

சித்தூரில் வெல்ல மண்டி வைத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சரக்கு இறங்குகிற நேரம் போக, மத்தியான வேளையில் மண்டித் திண்ணையில் ஒரு சபை கூடும். அதில் எப்போதும் இரண்டு கட்சி. ஒருவர், "எல்லாத்தையும் தனியார்கிட்ட குடுத்துடணும் சார், சர்க்கார் தொட்டது எதுவும் விளங்காது" என்பார். இன்னொருவர், "முதலாளி கையில விட்டா ஏழை என்ன ஆவான்? சர்க்கார்தான் எடுத்து நடத்தணும்" என்பார். முதலாளித்துவமும் சமதர்மமும் என் வெல்ல மூட்டைமேல் உட்கார்ந்து மல்லுக்கட்டும். நான் கேட்டுக்கொண்டே நாள்வழி எழுதுவேன்.

பல வருஷம் கேட்டபின் எனக்குத் தோன்றியது இது: சொத்து யார் பேரில் இருக்கிறது என்பதையே இரண்டு பேரும் பேசுகிறார்கள். அந்தச் சொத்துக்கு விதி என்ன, விதி மீறினால் கேட்பவர் யார் என்பதை ஒருவரும் பேசுவதில்லை. இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பொருளாதாரத்தை ஆராய்ந்த அறிஞர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, நம் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போகிற தூரத்தில், திருப்பதியில் இதற்கு ஒரு விடை கல்லில் வெட்டப்பட்டது. அதுவும் தமிழில். அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நான் பிறப்பால் சமணன். பெருமாள் கோயிலில் எனக்கு மரியாதையும் இல்லை, மிராசும் இல்லை. ஆனால் கணக்குக்கு மதம் கிடையாது. ஒரு வியாபாரியின் கண்ணோடு அக்கல்வெட்டுகளைப் படித்ததைச் சொல்கிறேன்.

கடைக்காரனும் வாங்குபவனும் மட்டுமா?

அமெரிக்கப் பேராசிரியர் ஜான் காமன்ஸ் 1924-இல் முதலாளித்துவத்தின் சட்ட அடிப்படைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு வியாபாரம் நடக்கிறது என்றால் வாங்குபவன், விற்பவன் என்று இரண்டு பேர்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். காமன்ஸ் குறைந்தது ஐந்து பேர் வேண்டும் என்றார். வாங்குபவன், அவனுக்குப் போட்டியாக வாங்கக் காத்திருப்பவன், விற்பவன், அவனுக்குப் போட்டியாக விற்கக் காத்திருப்பவன்; இந்த நால்வருக்கும் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்லுகிற ஐந்தாவது ஆள். அந்த ஐந்தாவது ஆள் நீதிபதியாக இருக்கலாம், ராஜாவாக இருக்கலாம், ஊர்ப் பெரியவராக இருக்கலாம். அவர் இல்லாவிட்டால் சொத்து என்பது வெறும் பிடிமானம்தான். பலசாலி வந்தால் போய்விடும்.

பிறகு வந்தவர்கள் இந்த வழியை இன்னும் விரித்தார்கள். டக்ளஸ் நார்த் ஒரு நாடு முன்னேறுவதும் பின்தங்குவதும் அதன் விதிகளைப் பொறுத்தது என்று காட்டி 1993-இல் நோபல் பரிசு பெற்றார். எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார், பொதுச் சொத்தைத் தனியாருக்கும் விற்காமல் சர்க்காரும் எடுக்காமல், பயன்படுத்துகிற மக்களே விதி போட்டுக் காப்பாற்ற முடியும் என்பதைப் பல நாட்டு மலைப் புல்வெளிகள், வாய்க்கால்களின் உதாரணத்தால் நிறுவினார். 2009-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இவ்வளவு போதும், இனி நம்ம ஊருக்கு வருவோம்.

இருபத்துநான்கு விளக்கும் இரண்டு விளக்கும்

திருமலை, திருப்பதி, திருச்சானூர் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலானோர் அரும்பாடுபட்டுப் படியெடுத்து, தேவஸ்தானம் 1930-களில் தொகுதிகளாக வெளியிட்டது.

அவற்றுள் முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்றை நான் அடிக்கடி நினைப்பேன். திருமுண்டியம் என்ற ஊரின் சபையார் பொன்னைப் பெற்றுக்கொண்டு, திருவேங்கடமுடையான் சந்நிதியில் 24 விளக்கு எரிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அரசு அதிகாரி ஒருவர் வந்து விசாரித்தபோது எரிந்துகொண்டிருந்தவை இரண்டே விளக்குகள். அவர் கணக்குக் கேட்டு, ஒப்புக்கொண்டபடி எல்லா விளக்கும் எரிய ஏற்பாடு செய்து, அதைக் கல்லிலும் வெட்டுவித்தார். காமன்ஸ் சொன்ன ஐந்தாவது ஆள் அவர்தான்!

இது எனக்கு ஏன் உறைத்தது என்றால், எங்கள் வீட்டிலேயே ஒரு விளக்குக் கதை உண்டு. வந்தவாசிப் பக்கத்தில் எங்கள் பூர்வீக ஊர். 1979-இல் என் தகப்பனார் ஊர் ஜினாலயத்தில் நித்திய விளக்கு எரியட்டும் என்று 2,000 ரூபாய் முதலாகக் கொடுத்தார். வட்டியில் எண்ணெய், முதல் அப்படியே இருக்க வேண்டும் என்று வாய்ச்சொல். எழுத்து இல்லை. சாட்சி இல்லை. வருஷா வருஷம் பார்க்க ஆளும் இல்லை. நான் இங்கே மண்டி போட்டு, பதினைந்து வருஷம் கழித்து ஒரு விசேஷத்துக்குப் போனேன். விளக்கு இல்லை. "முதல் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "அது செலவாயிடுச்சுப்பா" என்றார்கள். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். நான் அவரிடம் சொல்லவில்லை. வாங்கியவர்கள் திருடர்கள் இல்லை, நல்லவர்கள்தான். ஒரு வருஷம் கூரை ஒழுகியிருக்கும், ஒரு வருஷம் திருவிழாவுக்குக் குறைந்திருக்கும். விதியும் இல்லாமல் கேட்பாரும் இல்லாமல் போனால் நல்லவர் கையிலும் முதல் கரையும்.

பணம் தண்ணீரான விதம்

விஜயநகர காலத்துக்கு வருவோம். சாளுவ நரசிம்மன் காலம் தொடங்கி, கிருஷ்ணதேவராயர், அச்சுதராயர், சதாசிவராயர் காலம் வரை திருப்பதிக்கு நன்கொடை பெருகியது. அரசர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் பெரும்பாலும் கிராமங்களைக் கொடுத்தார்கள். கோயில் ஊழியர்கள், ஆசாரியர்கள், வியாபாரிகள், எம்பெருமானடியார்களான பெண்கள் ஆகியோர் பெரும்பாலும் ரொக்கமாகக் கொடுத்தார்கள். இந்த ரொக்கம் என்ன ஆயிற்று என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்க வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டைன் இக்கல்வெட்டுகளை வைத்து 1960-இல் ஒரு கட்டுரை எழுதினார். 1456 முதல் 1570 வரையான காலத்தை ஆராய்ந்து, ரொக்க நன்கொடை கோயில் கிராமங்களின் பாசன வேலைக்குப் போனதை எடுத்துக்காட்டினார். கல்வெட்டுகளின் வாசகம் மறுபடி மறுபடி இதையே சொல்லும். இன்னார் இத்தனை நற்பணம் ஸ்ரீபண்டாரத்தில் செலுத்தினார். இப்பணம் கோயிலுக்குரிய திருவிடையாட்ட ஊர்களில் ஏரி, கால்வாய் வெட்டுவதற்குச் செலவிடப்படும். அதனால் கூடும் விளைச்சலைக் கொண்டு இன்ன நாளில் இன்ன தளிகை நடக்கும். சந்திரசூரியர் உள்ளவரை நடக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது புரிவதற்காக நான் போடும் கணக்கு, கல்வெட்டுக் கணக்கு அல்ல. ஒருவர் 1,000 பணம் கொடுக்கிறார். அதைப் பெட்டியில் வைத்தால் 1,000 பணம்தான். வட்டிக்கு விட்டால் கடன்காரன் ஓடிப்போகலாம். ஏரிக்கரையை உயர்த்தினால் மானாவாரி நிலம் நஞ்சையாகிறது. கம்பு விளைந்த இடத்தில் நெல் விளைகிறது. விளைச்சலில் உழவனுக்குக் குடிவாரம், கோயிலுக்கு மேல்வாரம். இரண்டு பங்கும் கூடுகிறது. கூடிய மேல்வாரத்தில் தளிகை நடக்கிறது. முதல் எங்கே என்றால், ஏரியில் இருக்கிறது. யாரும் மடியில் கட்டிக்கொண்டு போக முடியாத முதல்!

நன்கொடையாளருக்கு என்ன கிடைக்கும்? புண்ணியம் ஒருபுறம். பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு உரியது. இதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். மீதி ஸ்தானத்தாருக்கும் கைங்கரியம் செய்வோருக்கும் முறைப்படி பிரியும். விட்டவன் விழுக்காட்டை அவர் சந்ததியார் அனுபவிக்கலாம், வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கலாம். இராமானுஜ கூடம் போன்ற அன்னசத்திரங்களுக்கு விட்டவர்களும் உண்டு. சாளுவ நரசிம்மன் நிறுவிய அக்கூடங்களைக் கந்தாடை இராமானுஜ ஐயங்கார் நிர்வகித்தார். அங்கே யாத்திரிகர்கள் சாப்பிட்டார்கள்.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். நன்கொடையாளரின் பேரன் வருஷா வருஷம் தன் விழுக்காட்டை வாங்க வருவான். தளிகை நடக்கவில்லை என்றால் முதலில் கேட்பவன் அவன்தான். ஆகவே ஏரியைப் பராமரித்தே தீர வேண்டும். கண்காணிப்பு என்று தனியாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்காமல், பங்கு மூலமாகவே கண்காணிப்பை ஏற்படுத்திவிட்டார்கள். ஒப்பந்தத்தின் கடைசியில் கோயில் கணக்கர் திருநின்ற ஊருடையானின் கையெழுத்து இருக்கும். சுவரில் எல்லோரும் பார்க்க வெட்டியிருக்கும். அதற்கும் மேலே, அரசன் இருந்தான்.

இது தனியார் முதலாளித்துவமா? இல்லை, கொடுத்தவர் முதலைத் திரும்ப எடுக்க முடியாது. சர்க்கார் சமதர்மமா? அதுவும் இல்லை, அரசன் அதிலிருந்து எடுக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே விதியால் நின்ற ஒரு ஸ்தாபனம். காமன்ஸ் பாஷையில் சொன்னால், ஆட்கள் மாறினாலும் நடந்துகொண்டே இருக்கும் நிறுவனம்.

புகழ்ச்சி மட்டும் சொன்னால் நேர்மையாகாது. ஏரி வெட்டப் பணம் கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. மண் சுமந்து கரை போட்டவர்களின் பெயர் இல்லை. பிரசாதப் பங்கு யார் யாருக்கு என்று வரி வரியாக உண்டு. அந்த வரிசையில் உழவன் இல்லை. விதி நன்றாக இருந்தது. அதில் எல்லோருக்கும் இடம் இல்லை.

நடுவர் பங்காளியான கதை

1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரம் தளர்ந்தது. நன்கொடைக் கல்வெட்டுகளும் அருகின. ஐந்தாவது ஆள் பலவீனப்பட்டால் யார் துணிந்து சந்திரசூரியர் உள்ளவரைக்கும் என்று பணம் போடுவார்கள்?

18-ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபின் கைக்கு வந்தது. நவாப் முகம்மது அலி கம்பெனியிடம் வாங்கிய கடனுக்குத் திருப்பதிக் கோயில் வருமானத்தை ஈடாக்கினார். கோயில் வருமானம் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைக்காரன் ஏரியைப் பார்ப்பானா, இந்த வருஷ வசூலைப் பார்ப்பானா? நம்ம மண்டியில் மாந்தோப்புக் குத்தகை எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காயைப் பறிப்பார்கள், வேருக்குத் தண்ணீர் விட மாட்டார்கள்.

1801-இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனிக்கு வந்தபோது, வடஆற்காடு கலெக்டர் கோயிலை நேரடியாக நிர்வகிக்கத் தொடங்கினார். செலவு போக மிச்சம் கம்பெனிக் கஜானாவுக்குப் போயிற்று. கணக்கு எழுதுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள், அதை மறுக்கக்கூடாது. பூஜை, சம்பளம், படித்தரம் எல்லாவற்றுக்கும் திட்டம் வகுத்தார்கள். 1821-இல் 'புரூஸ் கோடு' என்ற நிர்வாக விதித்தொகுப்பு வந்தது. ஆனால் விதி எழுதியவரும் அவரே, மிச்சத்தை எடுப்பவரும் அவரே. முன்பு அரசன் மூன்றாம் மனிதனாக நின்று ஒப்பந்தத்தைக் காத்தான். இப்போது நடுவரே பங்காளியாகிவிட்டார். ஏரிக்குப் போன பணம் கஜானாவுக்குப் போயிற்று.

இதே காலத்தில் தென்னாட்டில் பல கோயில்களின் நிலங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, ஈடாக 'தஸ்திக்' என்ற படித்தொகை கொடுத்தது. நிலம் கோயில் கையை விட்டுப் போனால் அந்த நிலத்துக்குத் தண்ணீர் தரும் ஏரியில் கோயிலுக்கு என்ன அக்கறை? கோயிலுக்கும் ஏரிக்கும் இருந்த தொப்புள்கொடி அறுந்தது இப்படித்தான்.

கிறிஸ்தவக் கம்பெனி இந்துக் கோயிலை நடத்துவதா என்று இங்கிலாந்தில் பாதிரிமார்கள் எதிர்ப்புக் கிளப்பினார்கள். 1843-இல் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்து மகந்துவிடம் ஒப்படைக்கப்பட்டது. தொண்ணூறு வருஷம் மகந்துகள் விசாரணைகர்த்தர்களாக இருந்தார்கள். சர்க்கார் ஒரேயடியாக விலகியதும் ஐந்தாவது ஆளின் இடம் காலியாயிற்று. பக்தர்களும் பிறரும் கோர்ட்டுப் படியேற வேண்டியிருந்தது. நிர்வாகத் திட்டம் பற்றிய வழக்கு 1907-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. திருமலைக் கணக்குக்கு நியாயம் கேட்கக் கடல் தாண்ட வேண்டி வந்தது!

கம்பெனி காலத்தில் நடுவர் பங்காளியானார். மகந்து காலத்தில் நடுவரே அருகில் இல்லை. முதலாவது 'எல்லாம் சர்க்கார்' கட்சிக்குப் பதில். இரண்டாவது 'சர்க்காரே வேண்டாம்' கட்சிக்குப் பதில்.

சட்டம் வந்தபின்

சென்னை மாகாண சட்டசபை இயற்றிய திருமலை திருப்பதி தேவஸ்தானச் சட்டம் 1933-இல் நடைமுறைக்கு வந்து, குழுவும் கமிஷனரும் ஏற்பட்டார்கள். பணம் மறுபடி மக்களுக்குத் திரும்பும் வழி திறந்தது. 1944-இல் முதல் மலைப்பாதை, 1945-இல் வெங்கடேசுவரா கல்லூரி. நம் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தக் கல்லூரியில் படித்து ஆளாகியிருக்கிறார்கள்! அதுவும் ஒரு ஏரிதான்.

1987-ஆம் ஆண்டு ஆந்திரச் சட்டம் பரம்பரை மிராசு உரிமைகளை ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1996-இல் அதை ஏற்றது. பிறப்பால் வரும் பங்கு போனது நியாயமே. ஆனால் அந்தப் பங்கோடு ஒட்டியிருந்த, 'என் பங்கு எங்கே?' என்று தட்டிக் கேட்கும் குரலும் போயிற்று. அந்த இடத்தில் தணிக்கையும் கோர்ட்டும் பத்திரிகையும் வந்திருக்கின்றன. அவை எவ்வளவு விழிப்போடு இருக்கின்றனவோ அவ்வளவுதான் பலன்.

பழைய பொலியூட்டு முறை சாகவில்லை. 1985-இல் தொடங்கிய நித்திய அன்னதானத் திட்டத்தைப் பாருங்கள். பக்தர்கள் தரும் தொகை வங்கியில் முதலாக நிற்கிறது. வட்டியில் சோறு போடப்படுகிறது. சாளுவர் காலத்து விதியேதான்! முதலின் இருப்பிடம் மட்டும் மாறியிருக்கிறது. தேவஸ்தானம் 2022 நவம்பரில் வெளியிட்ட வெள்ளை அறிக்கைப்படி வங்கிகளில் சுமார் 15,900 கோடி ரூபாயும் பத்து டன்னுக்கு மேல் தங்கமும் வைப்பாக இருந்தன. பத்திரமான இடம்தான். ஆனால் அன்று முதல் வைத்த ஊரிலேயே அதன் பலனும் ஊறியது. இன்று அந்த முதல் எந்த ஊர் ஆலைக்குக் கடனாகப் போகிறது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

ஏரிகள் என்ன ஆயின? குடிமராமத்து என்று ஊரார் கூடி வண்டல் எடுக்கும் வழக்கம் இருந்தது. அது தளர்ந்தபோது 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டுப் பார்த்தார்கள். சுதந்திரத்துக்குப்பின் 1948-இல் ஜமீன்களும், ஆந்திரத்தில் 1956-இல் இனாம்களும் ஒழிக்கப்பட்டன. உழுதவனுக்கு நிலம் வந்தது. அது வர வேண்டியதுதான். ஆனால் நிலம் தனித்தனிப் பட்டாவாயிற்று, ஏரி சர்க்காருடையதாயிற்று. சர்க்கார் ஏரி என்றால் யாரும் தூர் எடுக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது! 1997-இல் ஆந்திர அரசே விவசாயிகளின் நீர்ப்பாசனச் சங்கங்களுக்குச் சட்டம் போட்டு, பராமரிப்பில் அவர்களைத் திரும்ப அழைத்தது. ஆஸ்ட்ரம் அம்மையார் சொன்னதை நாற்பது வருஷம் சுற்றி வந்து ஒப்புக்கொண்டோம். என் மண்டிக்கு வரும் கரும்புக்காரர்கள் இன்று ஆழ்துளைக் கிணற்றை நம்புகிறார்கள். தண்ணீர் கீழே போகப் போக வெல்ல வரத்தும் குறைவதை என் பேரேட்டிலேயே பார்க்கிறேன்.

நமக்கு என்ன?

அன்பர்களே, இதையெல்லாம் சங்க மலரில் ஏன் எழுத வேண்டும்? காரணம் உண்டு.

நம் சங்கத்தில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு நிதி சேர்ந்திருக்கிறது. கொடுத்தவர்களில் சிலர் காலமாகிவிட்டார்கள். போன வருஷம் பொதுக்குழுவில், மண்டப வேலைக்குக் கொஞ்சம் அதிலிருந்து எடுத்துக்கொண்டு பிறகு போடலாமே என்று ஒரு பேச்சு வந்தது. சொன்னவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு என் தகப்பனாரின் விளக்கு ஞாபகம் வந்தது.

ஆகவே மூன்று காரியம் கேட்டுக்கொள்கிறேன். முதலைத் தொடுவதில்லை என்ற விதியையும், கொடுத்தவர் பெயரையும், தமிழிலும் தெலுங்கிலும் பளிங்கில் வெட்டிச் சங்கச் சுவரில் பதியுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பவர் நிர்வாகக் குழுவில் இல்லாதவராக இருக்கட்டும். அவர் தமிழராக இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. நிதியால் படித்து வேலைக்குப் போன பிள்ளைகளைப் பொதுக்குழுவில் உட்கார வையுங்கள். கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு வரட்டும். பழைய கல்வெட்டில் உழவனுக்கு இல்லாத இடம், நம் கல்வெட்டில் பயனடைந்தவனுக்கு இருக்கட்டும்.

இன்னொன்று. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானது. 1960-இல் எல்லை பிரிந்து திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, நாம் இந்தப் பக்கம் நின்றோம். 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லை மாறிக்கொண்டே இருக்கும். சுவர் இடம் மாறவில்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறார்கள், படிக்கட்டும். அடுத்த முறை கோவிந்தராஜர் கோயிலுக்குப் போகும்போது தரிசன வரிசையில் நிற்கிற நேரத்தில் ஒரு சுவரைக் காட்டி, "இது நம்ம எழுத்துடா" என்று சொல்லுங்கள். பழைய எழுத்து, உடனே படிக்க வராது. நாலு எழுத்து தட்டுப்பட்டாலும் போதும்.

சென்ற வருஷம் என் பேத்தியை அப்படிக் கூட்டிப்போய்க் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது சாமி பாட்டா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, கணக்கு" என்றேன்.